நன்றியுரையில் பறிபோன அறை

நன்றி சொல்லியே ஒரு மச்சானை வாசலோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமான ஒருவனுக்கு வரக்கூடாத நினைப்பு.

ஞாயிறு மாலையானால் என் மனைவி ஜெயக்கொடியின் பிறந்த வீட்டார் வீடியோ காலில் கூடுவார்கள். அவள் தம்பி தயாளன் முடிச்சூரில் வாடகை வீட்டைக் காலி செய்கிறானாம். குன்றத்தூரில் அவன் கட்டும் வீட்டுக்கு இன்னும் கூரை வரவில்லை. அதுவரை தங்க ஓர் இடம் வேண்டும்.

ஊரப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் இரண்டு அறை. ஒன்று ஜெயக்கொடியுடையது. இன்னொன்று என்னுடையது. கதவைச் சாத்தினால் அவள் குரல் பாதிதான் கேட்கும். இத்தனை வருஷ உழைப்பில் எனக்கென்று மிஞ்சியது அந்தப் பாதி நிம்மதி. அதை விடுவதாக இல்லை.

நம் ஜனங்கள் நன்றியுரை காதில் விழுந்ததும் செருப்பைத் தேடுவார்கள். அதற்குமேல் எவனும் பேச்செடுக்க மாட்டான். ஆகவே, தயாளன் வாயைத் திறப்பதற்குள் நன்றி சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"இன்னிக்கு நன்றி நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்களா? எங்க வீட்டு மனுஷங்களுக்கா?"

"ஏன், சொல்லக்கூடாதா?"

"தாராளமா சொல்லுங்க. அதுவரைக்கும் உங்க மைக்கை மியூட்ல வெக்கிறேன். போன வாரம் நீங்க விட்ட கொட்டாவி எல்லாருக்கும் கேட்டுது."

அவள் ஹாலில் உட்கார்ந்தாள். நான் என் அறையில் என் போனோடு. மீட்டிங்கில் யார் வாய் திறக்கலாம் என்பது அவள் கையில். வீட்டிலும் அப்படித்தான், எனவே எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவள் தங்கை தீபா முட்டிவலியைச் சொல்லி முடித்தாள். தயாளன் தொண்டையைக் கனைத்தான். நான் பாய்ந்தேன். "அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி..." அருமையாகப் பேசினேன். ஒருத்தரும் திரும்பவில்லை. என் மைக்மேல் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

"நேரமாச்சு, நானே நன்றி சொல்லி முடிச்சுடறேன்" என்றாள் ஜெயக்கொடி. "எல்லாருக்கும் நன்றி. முக்கியமா எங்க வீட்டுக்காரருக்கு. 'தயாளன் ஏன் வெளிய தங்கணும், என் ரூமை எடுத்துக்கட்டும்'னு அவரே சொல்லிட்டாரு."

"மாமா! ரொம்ப தேங்க்ஸ் மாமா!" தயாளன் கும்பிட்டான். தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லவே இல்லை!" என்று கத்தினேன். இரண்டு கையையும் வேகமாக ஆட்டினேன்.

"பாருங்க, நன்றியெல்லாம் வேணாம்னு கையை ஆட்டறாரு" என்றாள் ஜெயக்கொடி.

"மாமாவுக்கு எவ்ளோ பெரிய மனசு!" என்றாள் தீபா. கூட்டம் முடிந்தது.

ஹாலுக்கு ஓடினேன். "நான் எப்போடி அப்படிச் சொன்னேன்?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்!"

"அதான் கேக்கல. சீக்கிரம் துணிமணியை ஹாலுக்குக் கொண்டாங்க. சாமான் வண்டி கிளம்பி ஒரு மணி நேரமாச்சு."

காலிங் பெல் அடித்தது. வாசலில் வண்டிக்காரர். தயாளனுடைய கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடிக்க ஆள் போதவில்லையாம். நான்தான் பிடித்தேன்.