அவ 'வரேன்'னு சொன்னா

"அவ 'வரேன்'னு சொன்னாளே, அதுக்கு என்னங்க அர்த்தம்?"

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து மனைவி கேட்டாள். பூட்டு ரிப்பேர்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தியேட்டரில் திரை இருண்டதுமே, விளக்குப் போடுவதற்குள், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தார். கூட்டத்துக்கு முன்னால் வண்டியை எடுத்துவிட வேண்டும். மனுஷனுக்கு அப்படி ஒரு வியாதி.

காதல் படம். ஆட்டத்தை விடச் சொன்ன புருஷனிடம் கோபித்துக்கொண்டு, நாட்டியக்காரி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். "போகாதே, உள்ளே வா" என்கிறான் அவன். "வரேன்" என்கிறாள் அவள். உடனே திரை இருள்கிறது.

"வரேன்னா போறேன்னு அர்த்தம். யாராவது 'போறேன்'னு சொல்லிட்டா கிளம்புறாங்க?"

"அப்போ போயிட்டாளா?"

"போகட்டுமே. விட்டது சனின்னு அவனும் நிம்மதியா இருப்பான்."

அவர் தோளைப் பிடித்திருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சமாளித்தார். "யோசிச்சுப் பார்த்தேன்மா. அவன் 'வா'ன்னான், அவ 'வரேன்'னா. உள்ளதான் வந்திருப்பா. அவளுக்கு வேற போக்கிடம் ஏது?"

"ஓஹோ. போக்கிடம் இல்லாமதான் பொண்டாட்டிங்க வீட்ல கிடக்குறாங்களா?"

பரணிலிருந்து பெட்டி இறங்கியது. துணைக்கு ஆள் சேர்க்க மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"மச்சான், உங்கக்கா 'வரேன்'னா என்ன அர்த்தம்னு கேட்டு உயிரை எடுக்குறா. நீயாவது சொல்லேன்."

"அக்கா வராளா? தாராளமா வரட்டும் மாமா. மாடி ரூமை ஒழிச்சு வைக்கிறேன்."

ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷனுக்குத் தன் வாயைப் பூட்டத் தெரியவில்லை. என்ன செய்ய?

மறுநாள் காலை மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற வார்த்தை. இது எந்த 'வரேன்' என்று இன்றைக்குத்தான் புரியவில்லை. அவள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அதைச் சொல்லத்தான் பாழும் வாய் வரவில்லை.

"இரு. தியேட்டர்லயே கேட்டுடுவோம். அந்தப் பொண்ணு போகலைன்னா நீயும் போகக் கூடாது."

"போயிருந்தா?"

அவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். அவளும் ஸ்கூட்டரில் ஏறினாள்.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்துப் படம் பார்த்தோம். கடைசியில 'வரேன்'னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போயிட்டாளா, இல்லையா?"

பெட்டியும் கையுமாக நின்றவரை டிக்கெட்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"அது இடைவேளைங்க. கடைசியில பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டுப் போறது புருஷன்காரன்."