சும்மா டாக்டரும் நாலாம் நம்பர் பிரஸ்ஸும்

உலகத்தில் ஊசி போடாமல், மாத்திரை எழுதாமல், நாக்கை நீட்டச் சொல்லாமல் வைத்தியம் பார்த்த ஒரே டாக்டர் எங்கள் சும்மா டாக்டர்தான். எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

1991-ல் ஒரகடத்துப் பக்கம், இரும்புத் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். டாக்டர் அம்மா வியாழக்கிழமைதோறும் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஜோல்னாப் பை. மனநல ஆலோசகர் என்று மேனேஜர் அறிமுகப்படுத்தினார். "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டராம்பா" என்று கேன்டீன் அதை மொழிபெயர்த்தது. அப்புறம் மெஷின் கொட்டகையை ஒட்டி அவருக்கு ஒதுக்கிய அறைப் பக்கம் ஈ காக்கா போகவில்லை.

அம்மணி அசரவில்லை. அடுத்த வாரம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் சைக்கிள் ஸ்டாண்டில் போட்டுக்கொண்டார். மடியில் வேகவைத்த வேர்க்கடலை. சைக்கிள் எடுக்க வருகிறவர்களிடம் "சும்மா உக்காருங்க, கடலை உரிங்க" என்பார். கை கடலையை உரிக்க, வாய் குடும்பக் கதையை உரிக்கும். அவர் "உம்" கொட்டிக்கொண்டிருப்பார்.

"இன்னாய்யா டாக்டரு இது? ஒரு டானிக்கு கூட எழுதித் தர்ல. சும்மா கேட்டுக்கினு கீது" என்று பெயின்ட் அடிக்கும் பிரிவு ஆள் ஒருவர் நொந்துகொண்டார். பெயர் வைத்தாகிவிட்டது.

இவரிடம் வந்து சேர்ந்தவர்தான் சேரப்பணஞ்சேரி ஏகாம்பரம். தகட்டை ஒரே அடியில் அழுத்தி வெட்டும் நாலாம் நம்பர் பிரஸ் மெஷினின் ஆபரேட்டர். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மாற்றாளாக நின்றவருக்கு அந்த மெஷினில் இரண்டு விரல் போய்விட்டது. திரும்பி வந்த ஏகாம்பரம் எல்லாவற்றையும் பார்த்தார். அன்று முதல் பிரஸ் 'டம்'மென்று விழும் சத்தம் காதில் பட்டால் போதும், வியர்த்துக் கொட்டி, கேட்டைத் தாண்டி ஓடிவிடுவார். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கயிற்றோடு ஓடினார்.

விரல் போனவரோ காயம் ஆறியதும் ஸ்டோர்ஸில் வேலைக்கு வந்து சிரித்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் செல்லையாவுக்கு இது தாங்கவில்லை. திருநெல்வேலிக்காரர், தொண்டையே மைக் செட்.

"ஏ, கை போனவனே வேலைக்கு வந்துட்டான். ஒனக்கு ஒரு கீறலாவது விழுந்துச்சாடே? பொறவு என்னத்துக்கு நடுங்குத?"

மேனேஜரும் கெடு வைத்துவிட்டார். ஆயுத பூஜைக்குள் ஏகாம்பரம் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். அவர் வீட்டில் சம்பளம் வாங்கும் ஆள் அவர் ஒருவர்தான்.

சும்மா டாக்டர் கயிற்றைப் பார்த்து, "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். பிறகு ஏகாம்பரத்தை கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்காரவைத்தார். சத்தம் லேசாகத்தான் கேட்கும். அதற்கே ஏகாம்பரம் எழுந்துவிட்டார்.

"நெஞ்சு அடிச்சிக்கினு கீது மேடம். நான் வூட்டுக்குப் போறேன்."

"போலாம். அடிச்சு ஓயட்டும், அப்புறம் போலாம். அது ஏறினா இறங்கித்தான் ஆகணும்."

இறங்கியது. அடுத்த வாரம் கேட்டுக்கு உள்ளே. அதற்கடுத்து சைக்கிள் ஸ்டாண்ட், பிறகு கேன்டீன். ஒரு ஆளை கேட்டிலிருந்து கேன்டீன்வரை கொண்டுவர இத்தனை வாரமா என்று நாங்கள் கிண்டலடித்தோம்.

செல்லையாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் ஏகாம்பரத்தின் தோளைப் பிடித்து நேராக மெஷின்கள் ஓடும் ஷாப்புக்குள் தள்ளிவிட்டார். பிரஸ் விழுந்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடிய ஏகாம்பரம் அதற்குப் பிறகு டீக்கடைக்குக்கூட வரவில்லை.

வியாழக்கிழமை வந்தார் டாக்டர். செம டோஸ் விழப்போகிறது என்று நாங்கள் வேடிக்கை பார்க்கக் கூடினோம். அவர் செல்லையாவிடம் கடலையை நீட்டினார்.

"நீங்க ஏன் சார் நாலாம் நம்பர் கிட்ட தரையில போட்ட மஞ்சக் கோட்டைத் தாண்டறதே இல்ல?"

மைக் செட் அணைந்துவிட்டது. அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. விபத்துக்குப் பிறகு செல்லையா அந்த மெஷினைத் தூரத்தில் நின்றே அதட்டிக்கொண்டிருந்தார். விபத்தன்று மெஷினிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டவர் அவர்தான்.

"தூக்கமே இல்ல மேடம்" என்றார் செல்லையா. அவருக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. மறுநாளே சேரப்பணஞ்சேரிக்குப் போய் ஏகாம்பரத்தை சைக்கிளில் உட்காரவைத்து டீக்கடைக்கு அழைத்துவந்தார். வழியில் யார் யாருக்கு ஆறுதல் சொன்னார் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

மறுபடி டீக்கடையிலிருந்து தொடங்கி கேன்டீனை எட்டியபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் அவரவர் மெஷினை அவரவர்தான் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட வேண்டும். நாலாம் நம்பர் மட்டும் வெறுமையாக நின்றது. மெயின் ஸ்விட்ச் அணைத்திருந்ததால் ஷாப்பில் சத்தமே இல்லை. டாக்டர் சந்தனக் கிண்ணத்தை ஏகாம்பரத்திடமும் குங்குமத்தைச் செல்லையாவிடமும் கொடுத்தார். மஞ்சள் கோட்டருகே இருவரும் நின்றார்கள். நெடுநேரம் நின்றார்கள். ஐயர் மணியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஏகாம்பரம் முதலில் தாண்டினார். சந்தனம் வைத்தார். செல்லையா குங்குமத்தை வைக்கப் போன அந்த நொடியில், வாசலில் எவனோ அவசரப்பட்டுப் பூசணிக்காயை உடைத்தான். 'டம்'!

செல்லையா "ஐயோ!" என்று ஏகாம்பரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஏகாம்பரத்துக்கும் உடம்பு உதறியது, ஆனால் ஓடவில்லை.

"சார், பூசணிக்கா சார். வுடுங்க, சட்டையெல்லாம் குங்குமம்."

ஷாப்பே சிரித்தது. அந்த இரண்டு பேரும்தான் அதிகம் சிரித்தார்கள்.

விடுமுறை முடிந்து ஏகாம்பரம் நாலாம் நம்பரை ஓட்டினார். கணக்கு முடிக்கும் பேச்சு அதோடு நின்றது. அன்று வியாழக்கிழமை இல்லை; ஆனாலும் சும்மா டாக்டர் வந்து மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு காதிலும் விரல், கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

"என்ன மேடம், உங்களுக்கும் பயமா?" என்று கத்திக் கேட்டேன்.

"பயமா? முதல் நாள்லேர்ந்து உயிரே போகுது சார். இந்தச் சத்தத்துக்குத்தான் நான் சைக்கிள் ஸ்டாண்டுக்கே ஓடினேன்."

சொல்லிவிட்டு மறுபடி காதை அடைத்துக்கொண்டார்; கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார். ஏகாம்பரம் ஒவ்வொரு தகடாக அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்க, டாக்டர் தலையை ஆட்டினார். ஷிப்ட் முடியும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நான் ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். அந்த அம்மா அன்று என்ன கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.