கடைசிப் பெயர் அழைப்பவர்

புரோகிராம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அக்கா கல்யாணத்தில் அப்பாவையே விருந்தாளி ஆக்கியவளும் நான்தான்.

அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வீட்டுக்கு வீடு பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு பெயர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், ஒன்பது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எத்தனை வந்தாலும் கடைசிப் பெயர் அழைப்பவர், மற்றவர்கள் விருந்தாளிகள். குடும்பமாக இருப்பவர்களுக்கெல்லாம் கடைசியில் அப்பா பெயரைச் சேர்த்தேன். தனியாக இருக்கும் ஏழு பேருக்குச் சேர்க்கவில்லை. ஒற்றைப் பெயர் என்றால் அவர்தான் விருந்தாளி என்று அதற்குத் தெரியாதா என்ற நினைப்பு. (அதற்கு எப்படித் தெரியும்? எழுதிய எனக்கே தெரியவில்லை.)

அந்த ஏழில் ஒருவர் சத்தியமங்கலத்து மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் கிரகப்பிரவேசத்தில் அப்பா வாசலுக்கு வந்து "வாங்க" சொல்லவில்லை என்று இரண்டு வருடமாகப் பேச்சில்லை. நேரில் போய் அழைத்தபோதும் "பாக்கலாமுங்க" என்றுவிட்டார். எங்கள் பக்கம் அதற்கு, வரமாட்டேன் என்று அர்த்தம். தாய்மாமன் சீர் இல்லாமல் மகளை எப்படி மணையில் உட்காரவைப்பது என்று அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

கல்யாணத்தன்று காலை, சிங்காநல்லூர் மண்டப வாசலில் ஏழு பேரும் கைகூப்பி வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் பட்டு வேட்டியோடு மாமா, கையில் பன்னீர்ச் செம்பு. உள்ளே போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஏழு "வாங்க"வை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கோயிலுக்குப் போய்விட்டு அப்பா காரை விட்டு இறங்கினார்.

"வாங்க மச்சான், வாங்க. டிபன் சாப்பிட்டுப்போட்டு உக்காருங்க" என்றார் மாமா.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒற்றைப் பெயர் என்றால் கடைசிப் பெயரும் அதுதானே.

"அது வந்துங்க மாமா, புரோகிராம்ல..." என்று ஆரம்பித்தேன்.

மாமா அப்பாவிடம் போனை நீட்டினார். 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்பதற்குக் கீழே அவர் பெயர். "எம்பேரப் போட்டே ஊரக் கூப்புட்டுப்போட்டீங்க. நானே வராம இருந்தா நல்லாவா இருக்குமுங்க?"

(ஊருக்கெல்லாம் போகவில்லை. அது அவர் ஒருவருக்கு மட்டும்தான் போனது. இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.)

அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். வாயை மூடு என்று அர்த்தம். "பின்னே? உங்க ஊட்டுக் கல்யாணந்தானுங்க" என்றார் மாமாவிடம். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். சீர் குறையில்லாமல் நடந்தது.

மறுநாளே புரோகிராமைத் திருத்தினேன். அழைப்பவர் பெயரை முதலில் தனியாகக் கேட்கும், பிறகு ஒரு விருந்தாளியாவது வேண்டும், அதற்கு மேல் எத்தனை பேர் வந்தாலும் சரி. ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை இப்போது நான்தான் பாடமாக எடுக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணம். தனியாக இருக்கும் சொந்தக்காரர்கள் பட்டியலோடு அப்பா வந்து நின்றார். இந்த முறை பதினோரு பேர்.

"கண்ணு, திருத்தறதுக்கு முந்தி ஒண்ணு வெச்சிருந்தியே, இவங்களுக்கு மட்டும் அதுலயே போட்டு உடு."

பழைய புரோகிராமைத் தேடி எடுத்து ஓட்டினேன். கல்யாணத்தன்று பதினோரு பேரும் நின்ற வாசலைத் தாண்டி மணமேடைக்குப் போய்ச் சேர எனக்கே அரைமணி நேரம் ஆனது.