ஒரு மைல் மீன் களம்

"ஒரு மைல் நீளத்துக்கு எவன்யா மீன் காயவைப்பான்?" தலைமை எழுத்தர் குரோசுமி தலையில் அடித்துக்கொண்டார்.

வல்லரசுகளின் ஒப்பந்தப்படி எங்கள் தீவு உட்பட எந்தத் தென்கடல் தீவிலும் யாரும் ராணுவ விமானத் தளம் கட்டக்கூடாது. ஜப்பானியர்களான நாங்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். அதனால், கட்டிவிட்டு, 'மீன் உலர்த்தும் களம்' என்று கோப்பில் எழுதி முத்திரை குத்தினோம். அந்த யோசனை குரோசுமியுடையது.

நாளை பிரிட்டிஷ் பிரதிநிதி பென்ரோஸ் களத்தைப் பார்க்க வருகிறார். குட்டு உடைந்தால், குரோசுமி எட்டு வருஷம் கெஞ்சி வாங்கிய, சொந்த ஊர் ககோஷிமாவுக்கான மாற்றல் போச்சு. அங்கே மனைவி வீட்டைக்கூடக் கழுவி வைத்துவிட்டாள்.

மீனவர் கனாஹாவிடம் ஓடினார். "அண்ணே, இருக்கிற சூரை மீனை எல்லாம் களத்துல பரப்புங்க!"

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் அண்ணனா தெரியறேனாக்கும்?" என்று முனகினாலும் கனாஹா பரப்பினார்.

காலையில் தீவின் பறவைகள் மொத்தமும் களத்தில். விரட்டக் குரோசுமி கடற்படை வீரர்களை, சீருடையைக் கழற்றி, கோவணத்தோடு கூடை கொடுத்து அனுப்பினார். பாவிகள் வரிசையாக, இடது வலது போட்டு நடந்தார்கள். பென்ரோஸைக் கண்டதும் கூடையைக் கீழே போட்டுவிட்டு சல்யூட் வேறு!

"மீனவர்களுக்கு நல்ல ஒழுங்கு" என்றார் பென்ரோஸ். மொழிபெயர்ப்பாளர் ஹார்க்கர் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார்.

"மீனுக்கு மரியாதைங்க" என்றார் குரோசுமி.

பென்ரோஸ் அண்ணாந்து பார்த்தார். கம்பத்தில் காற்றுத் திசை காட்டும் துணிப்பை. அதற்குக் கண்ணும் செதிலும் வரைந்திருந்தார் குரோசுமி.

"சிறுவர் விழாவுக்குப் பறக்கவிடற துணியில செஞ்ச கெண்டை மீனுங்க."

"அது மே மாசம் இல்லையா? இப்ப நவம்பர்."

"எங்க பசங்களுக்குப் பொறுமை பத்தாதுங்க."

பென்ரோஸ் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினார். களத்தைக் காலடியால் அளந்தார். நின்று, படமும் வரைந்தார். குரோசுமி ஹார்க்கரை ஓரமாக இழுத்து, இடுப்பு ஒடியக் குனிந்தார்.

"ஐயா, எல்லாம் என் தப்பு. எழுதினதைக் கொஞ்சம் கிழிக்கச் சொல்லுங்க. நான் ஊருக்குப் போகணும்!"

ஹார்க்கர் பதறிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"ஐயையோ, அதைக் கிழிச்சா நாங்க எங்க போறது? எங்க தீவுல இதே நீளத்துக்கு ஒரு கோல்ஃப் மைதானம் கட்டியிருக்கோம். அடுத்த வாரம் உங்க ஆளுங்க பார்க்க வர்றாங்க!"