சுண்டலோடு போன குப்பமும் ஓசி அண்ணாத்தையும்

செங்கல்பட்டு ஏரிக்கரையில் ஆரம்பித்து மாமல்லபுரம் கடல் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஓசி அண்ணாத்தையைப் போல ஓசியை வெறுத்த இன்னொரு மனிதர் அகப்படமாட்டார். டீக்கடையில் காசை மேசையில் வைத்த பிறகுதான் கிளாஸைத் தொடுவார். ஒரு கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் வரத் தாமதமாகிவிட, மூன்று பந்தி முடியும்வரை வாசலிலேயே நின்றார். பசி மயக்கத்தில் மாப்பிள்ளையின் மாமாவைப் பிடித்து மொய்க்கவரைத் திணித்துவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார். அப்படிப்பட்டவருக்கு ஊர் சூட்டிய பெயர் ஓசி.

டி.வி. மெக்கானிக் அவர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்தில் வீடு மாற்றிக்கொண்டு போகிறவர்கள் கழித்துப்போடும் பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்து அவருக்கு ரத்தம் கொதிக்க ஆரம்பித்தது. மொபெட்டின் பின்னால் வலைக்கயிற்றால் மானிட்டரைக் கட்டி எடுத்து வருவார். எங்கிருந்தோ கற்றுக்கொண்ட லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை அதில் ஏற்றுவார். கிழட்டுப் பெட்டி எழுந்து உட்காரும். அந்த சி.டி.யை யார் கேட்டாலும் பிரதி எடுத்துக் கொடுப்பார். கேட்காதவர்களுக்கு, "இது ஓப்பன் சோர்ஸ் நைனா" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் விளக்குவார்.

ஒருநாள் டீக்கடையில் அப்படி விளக்கி முடித்து அவர் வெளியே மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒரு விஷமக்காரன், "இவ்ளோ பெரிய வார்த்தை எதுக்கு? தமிழ்ல ஓசின்னு சொன்னா முடிஞ்சுது" என்றான். கடை குலுங்கியது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் பஸ் ஏறிச் செங்கல்பட்டு போய்விட்டது.

அந்த விஷமக்காரன் நான்தான்.

மறுநாள் அண்ணாத்தை என் கடைக்கே வந்து கொதித்தார். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருந்தேன். "ஓசி வேற, சொந்தம் வேற. ஓசில வந்தத தொறந்து பாக்க வுடுவானா? இத தொறக்கலாம், மாத்தலாம், நாலு பேருக்குக் குடுக்கலாம். பேர் வச்சவன் மட்டும் என் கைல மாட்டட்டும்" என்றார். "விடவே கூடாது அண்ணாத்த" என்றேன் நான், அவரைவிட அதிக ஆவேசத்துடன்.

இப்படி இருக்கையில்தான் குப்பத்துப் பட்டியல் வந்தது. பக்கத்து மீனவர் குப்பத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் அடையாள அட்டை வாங்க, பெயர், அப்பா பெயர், படகு விவரம் எல்லாம் டைப் செய்து செங்கல்பட்டு அலுவலகத்தில் அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அட்டை இருந்தால்தான் மீன்பிடி தடைக்காலத்தில் நிவாரணம். இல்லாவிட்டால் அந்த நாற்பத்தைந்து நாளும் அடுப்பு எரியாது. குப்பத்துத் தலைவர் துண்டுச்சீட்டுகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்து, "ஒரு பேரும் வுட்டுறாத தம்பி" என்றார். ஒரே பெயரில் ஏழு பேர், அதில் மூவருக்கு அப்பா பெயரும் ஒன்றே. ஒரு மாதம் கண் பிதுங்க டைப் செய்தேன். முடித்த கையோடு, இனி எல்லாம் கம்ப்யூட்டர்தானே என்ற மிதப்பில், சீட்டு மூட்டையைக் கடற்கரைச் சுண்டல்காரருக்குப் பொட்டலம் மடிக்கத் தானம் செய்தேன். பிரிண்டும் எடுக்கவில்லை. ரிப்பன் மிச்சமாம்.

கெடு வெள்ளிக்கு முந்தின செவ்வாய் காலை கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. எவனோ கொண்டுவந்த ஃப்ளாப்பியில் வைரஸ்.

பெட்டியை வேட்டித்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் தாரையாக வழிந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் மெதுவாக, "எப்பப்பா ஆச்சு?" என்றார்.

"காலைலதாம்மா."

"இன்னா வயசு?"

"ஏழு."

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அவரும் அழுதுவிட்டார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை.

செங்கல்பட்டில் ஒரு சர்வீஸ் கடைப் பையன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டிஸ்க்கை முழுக்க அழித்தால்தான் சிஸ்டம் போட முடியுமாம். புதிதாக வந்திருக்கும் சிஸ்டத்தை இந்தப் பெட்டி தாங்காதாம். "எடைக்குப் போட்டுட்டு புதுசா வாங்கிக்கோங்க சார்" என்றான், என்னையும் சேர்த்து எடைபோடும் பார்வையில்.

திரும்பி நேராகக் கடற்கரைக்கு ஓடினேன். சீட்டுகளை மீட்கச் சுண்டலாக வாங்கித் தின்றேன். பதினோரு பொட்டலத்தில் கிடைத்தது இரண்டு குடும்பமும் தீராத வயிற்றுவலியும். மற்ற குடும்பங்களை அதற்குள் சுற்றுலாப் பயணிகள் கசக்கிக் கடலில் எறிந்திருந்தார்கள்.

வேறு வழியில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாத்தையின் வாசலில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன், டீக்கடை நீங்கலாக. அவர் வைரஸைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. செங்கல்பட்டுக்காரன் சொன்னதைக் கேட்டதும்தான் எகிறினார்.

"எடைக்குப் போடணுமா? ஏழு வயசுல இன்னா கெழவனாய்ட்டான்? தெனம் பிரியாணி கேக்குற சிஸ்டத்த மேல ஏத்திட்டு, செரிக்கலன்னா வயித்தக் குத்தம் சொல்றதா? கஞ்சி ஊத்து, நடப்பான். படகுக்கு சாயம் போச்சுன்னா படகயா கொளுத்துவாங்க?"

பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து உள்ளே தள்ளினார். டிஸ்க்கைத் தொடாமல், சி.டி.யிலிருந்தே கம்ப்யூட்டர் எழுந்தது. வைரஸ் உள்ளேதான் இருந்தது. "அது அந்த சிஸ்டத்துப் பாஷைதான் பேசும். இங்க அதுக்கு வாயே தொறக்காது" என்றார். டிஸ்க்குக்குள் நுழைந்தார். பட்டியல் ஃபைல் அப்படியே இருந்தது. திறந்தார்.

ஒரு குப்பமும் இல்லை. திரை முழுக்க மீன் முள்ளை இறைத்தது போலக் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்துகள், கேள்விக்குறிகள், வாலில்லாத வட்டங்கள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் முகத்தில் எப்படி விழிப்பேன், பாண்டிச்சேரிக்கு ஓடிப்போனால் டைப்பிங் வேலை கிடைக்குமா என்றெல்லாம் புலம்பினேன். புலம்பலின் உச்சத்தில், பெயர் வைத்த பாவம்தான் இப்படிப் பிடித்தது என்றுகூட உளறியதாக ஞாபகம்.

"இன்னா பேஜாரு பண்ற? பேருங்கோ உள்ளதான் கீது. சட்டைதான் போடல. எந்த ஃபான்ட்ல அடிச்ச?"

அப்போதெல்லாம் தமிழில் கடைக்கு ஒரு ஃபான்ட். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் திறந்தால் பைத்தியக்காரன் கிறுக்கல். என் டிஸ்க்கிலிருந்தே அந்த ஃபான்ட்டைத் தேடி எடுத்து வந்து வைத்தார். வரி வரியாக முள்ளுக்குச் சதை வந்தது. ஒரே பெயர்க்கார ஏழு பேரும் அப்பன்மாரோடு எழுந்து நின்றார்கள். அண்ணாத்தை ஒவ்வொரு பெயரையும் சத்தம்போட்டுப் படித்தார். "பேர் பேரா எழுதின ஜனங்கள எடைக்குப் போடச் சொன்னானா?" என்று நடுநடுவே செங்கல்பட்டு திசையைப் பார்த்து முறைத்தார். வியாழக்கிழமை பிரிண்ட் எடுத்தோம். வெள்ளிக்கிழமை தலைவர் கையால் கொடுத்தோம். ஒரு பெயரும் விடுபடவில்லை.

அடுத்த வாரம் என் பெட்டியில் லினக்ஸை நிரந்தரமாக ஏற்றினார். கூலி வாங்கமாட்டேன் என்றார். சி.டி.யை யார் கேட்டாலும் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் கூலி. கடைசியில் கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லித் திரை கேட்டது. என்ன வைக்கலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவரே ஆங்கிலத்தில் மூன்று எழுத்தைத் தட்டினார். ஓ, எஸ், ஐ. சேர்த்துப் படித்தால், ஓசி.

நான் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டேன்.

"தெரியுமா அண்ணாத்த?"

"அன்னிக்கு மொபெட்டு ஸ்டார்ட் ஆவல நைனா. எல்லாம் காதுல வுழுந்துச்சு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வச்சவன் கடையிலயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு எத்தனையோ புதுப் பெட்டிகள் வந்து, வாங்கிய மூன்றாம் வருஷமே நான் பழசு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயின. அந்தக் கிழவன் மட்டும் இன்னும் கடை மூலையில் இருக்கிறான். காலையில் சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, கறுப்புத் திரையில் அந்த மூன்றெழுத்தைக் காட்டி, யார் வந்திருப்பது என்று கேட்பான். "நான்தான் அண்ணாத்த" என்று சொல்லிவிட்டுத்தான் என் பெயரைத் தட்டுகிறேன்.