அரண்மனையில் பெண் கொடுத்தவர்

இந்தச் சீமையிலேயே ராஜாவுக்குப் பெண் கொடுத்த ஒரே கூலிக்காரர் எங்கள் விஜயபுரத்துச் சம்பந்திதான். அவருடைய சொந்தப் பெயரை அவருடைய ரேஷன் கார்டே மறந்துபோயிருக்கும்.

நூறு நாள் வேலையில் குட்டை வெட்டும்போது அவர் கடப்பாரை டங்கென்று எதிலோ பட்டது. மண்ணைத் தள்ளினால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு கல் பெண். மூக்கு மட்டும் இல்லை. அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பெண்டாட்டியும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று நாள் அந்தக் கல்லைக் குளிப்பாட்டியபடியே இருந்தார். நான்காம் நாள் ஆபீசர்கள் வேனோடு வந்தார்கள். தன் துண்டைப் போர்த்தி அனுப்பிவைத்தார்.

திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோட்டை. உள்ளே ராஜா இருந்த மாளிகையை மியூசியமாக்கியிருக்கிறார்கள். கல் அங்கே போயிற்று. இவர் ஊரெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்தார். "பொண்ண அரண்மனையில குடுத்துட்டேன்." அன்றிலிருந்து ஊருக்கே அவர் சம்பந்தி.

ஆடி பிறந்தால் சீர்த்தட்டோடு பஸ் ஏறிவிடுவார். வளையல், பூ, ரவிக்கைத்துணி, நாலு மாம்பழம். துணைக்கு நான். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், தெலுங்கும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன் என்று எனக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு.

முதல் ஆடியில் வாசலில் தெலுங்குக் காவல்காரர் பெரியவரை மறித்தார். "பெத்தாயனா, தட்டு உள்ள போவக்கூடாது. யாருக்கு இது?"

"எங்க பொண்ணுக்கு. இங்கதான் இருக்குது."

அந்த மனிதர் ஆபீசுக்குள் போய், புதிதாக யாராவது அம்மா வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வந்தார்.

தட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனோம். கத்தி, கேடயம், காசு எதையும் சம்பந்தி ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கைகூப்பி நிற்கிற ராஜா சிலைக்கு எதிரே போய் நின்றார். "மாப்ள, பொண்ண மூலையில நிக்க வெச்சிக்கினு கையக் கூப்பினா ஆச்சா? ஒரு பேன் போடக்கூடாதா?"

நாக்கு வறண்டாலும் அங்கே தண்ணீர் குடிக்க மாட்டார். பேரன் பிறக்கும்வரை பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக்கூடாதாம்.

"கல்லு எப்பய்யா பெத்து, நீ எப்பக் குடிக்கிறது?" என்றேன்.

"அவசரம் இன்னாக்கா?" என்றார்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. பெண் சிலைக்குக் கீழே ஒட்டியிருந்த தெலுங்குச் சீட்டைக் காட்டினார். "எங்க ஊரு பேரு அதுல கீதான்னு பாருக்கா. யாரு ஊட்டுப் பொண்ணுன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பெண் சிலை, கிடைத்த இடம் தெரியவில்லை என்று இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விஜயபுரம்னு போட்டுக்கீறாங்கய்யா" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டரிலிருந்து கோழிக் கூடைக்காரி வரைக்கும் அதைச் சொல்லிவிட்டார். ஆறு ஆடிக்கும் அதே பேச்சு.

போன மாசியில் சித்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனேன். பஞ்சுபோல இருந்த கையால் என் கையைப் பிடித்தார்.

"அக்கா, நம்ம ஊரு பஸ்ஸு போர்டு எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா அந்த எழுத்தப் பாத்துத்தான் ஏறிக்கினு கீறேன். அந்தச் சீட்டுல அது இல்லக்கா."

எனக்குத் தலை நிமிரவில்லை. "அப்புறம் ஏன்யா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச?"

"நம்ம தெருவுல படிச்ச பொம்பள நீ ஒருத்தி. உன்னப் போயி பொய்யின்னுவனா?"

இரண்டு நாளில் போய்விட்டார்.

இந்த ஆடிக்குத் தட்டை நான் கொண்டுபோனேன். காவல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டு அப்படியேதான் இருக்கிறது. ஆபீசில் சொன்னேன், மனு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது எப்போது நடக்குமோ. அதுவரைக்கும் இங்கேயாவது இருக்கட்டும் என்றுதான் இதையும் எழுதினேன்: அந்த மூலையில் நிற்கிறவள் விஜயபுரத்துப் பெண். அவளுடைய நைனா பெயர் சம்பந்தி. இந்தத் தடவை சரியாகப் படித்துத்தான் சொல்கிறேன்.