எபினேசர் முகம் காட்டிய படலம்

வாழ்க எபினேசர்! வார்ப்பிரும்பின் பிசிறறுக்கும் வல்லவன், தீப்பொறி மழையில் நின்று கண் சிமிட்டாத திண்தோளன், தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையின் பம்பு கம்பெனியில் அரவைக்கல் ஏந்திய அடலேறு, ஷைனியின் கணவன், பிரின்சியின் தகப்பன்! அவன் போர்த்திறம் பாடப் புகுமுன், கம்பெனி வாசலில் கொலுவிருக்கும் வருகைப் பதிவு மெஷினே, ஒற்றைக்கண் அரசே, உனக்கும் ஒரு கும்பிடு. கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கும் எல்லாரும் உன் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும்.

முன்னொரு காலத்தில், அதாவது போன பொங்கல் வரைக்கும், அங்கே விரல்ரேகையின் ஆட்சி நடந்தது. அரவைக்கல் தின்று தீர்த்த விரல்களில் ரேகை ஏது? வாசலில் தினமும் அடிதடி. தொழிலாளர் துயர் துடைக்கத் திருவுளம் கொண்ட எச்.ஆர். கிறிஸ்டினா, 'இனிமேல் எல்லாம் சுலபம், முகத்தைக் காட்டினால் போதும், எனக்கும் இதே சட்டம்தான்' என்று முரசறைந்து இந்த முகமறி மெஷினை நிறுவினார். முகத்தைப் பதியும் நாளன்று எல்லாருக்கும் போட்டோ எடுப்பார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். போட்டோ என்ற சொல்லைக் கேட்டதும் ஆலைச் சேனை முழுவதும் கல்யாணக் கோலத்தில் வந்திறங்கியது. கிறிஸ்டினா பியூட்டி பார்லரிலிருந்து நேராக வந்தார். எபினேசர் கிறிஸ்துமஸ் சட்டை அணிந்து, மீசைக்கு டை அடித்து, பவுடர் மணக்கப் பல் தெரியச் சிரித்தான். மெஷின் அந்தச் சிரிப்பை மனப்பாடம் செய்துகொண்டது. வேலைக்கு வரும் எபினேசரை அதற்குத் தெரியாது.

அன்று முதல் காலைதோறும், போருக்குக் கவசம் பூணும் வீரர்போல, பேக்கிங் பிரிவின் குணசுந்தரி கொண்டுவரும் பவுடர் டப்பாவும் பல்லுடைந்த சீப்பும் கைமாறி கைமாறி வர, இரும்படிக்கும் ஆண்மக்கள் கன்னம் வெளுத்து வாசல் கடந்தனர்.

அந்த வியாழக்கிழமை வந்தது. மறுநாள் திருவள்ளூரில் பிரின்சிக்கு நர்சிங் காலேஜ் அட்மிஷன். தகப்பன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். லீவும் கிடைத்திருந்தது. ஆனால் அந்த மாதத்தில் இன்னும் ஒரு லேட் விழுந்தால் லீவு ரத்து, சீட்டு வேறு யாருக்கோ. இதையறிந்தே சதி செய்ததுபோல ஊத்துக்கோட்டை ஷேர் ஆட்டோ பாதி வழியில் உயிரை விட்டது. மண் லாரிகள் வாரியிறைத்த செம்புழுதிப் படலத்தினூடே அதைத் தள்ளித் தள்ளி உயிர்ப்பித்து, வியர்வை ஆறு புழுதிக் கரை உடைத்தோட, சைரன் ஊதுமுன் எபினேசர் களத்தில் குதித்தான்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது அசரீரி.

புருவம் உயர்த்தினான். மோவாய் தாழ்த்தினான். மதங்கொண்ட களிறு கோட்டைக் கதவை முட்டுவதுபோலக் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றான். ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.

"இன்னா எபிண்ணா, பொண்ணு பாக்க வந்துக்குறியா? நவுரு, சைரன் ஊதப் போறான்!" என்று வரிசையில் பின்னால் நின்ற ரகு கத்தினான்.

"இந்தா நைனா, பவுடரு" என்று டப்பாவை நீட்டினாள் குணசுந்தரி. "அன்னிக்கி இளிச்ச மாரியே இளி!"

அள்ளிப் பூசினான். ஈர முகத்தில் பவுடர் சுண்ணாம்பாய்க் குழைந்தது. மகளை நினைத்து இளித்தான். பல்வலிக்காரன் அழுவதுபோல வந்தது.

"ப்ளீஸ் ரிமூவ் மாஸ்க்."

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. எபினேசரின் கர்ஜனையில் தகரக் கூரை அதிர்ந்தது: "இது மாஸ்க் இல்லடா, என் மூஞ்சி!"

சினம் தலைக்கேற, பையிலிருந்த துணியை உருவி முகத்தை அழுந்தத் துடைத்தான். அது மெஷின் துடைக்கும் துணி. கிரீஸ் காதுவரை கோலம் போட்டது.

அவ்வேளையில், ஸ்கூட்டி என்னும் புரவியில் வந்திறங்கினார் கிறிஸ்டினா. ஹெல்மெட்டைக் கழற்றினார். அமுங்கிய கூந்தலும் தூங்காத கண்ணுமாக, "கொஞ்சம் வழி விடுங்க, இதுல இன்னா கஷ்டம்?" என்று முன்னே போய் நின்றார்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

மறுபடி நின்றார். மறுபடியும் அதே. மெஷின் வைக்கும் கணக்கு நேராக முதலாளியின் போனுக்குப் போகும். பெருமாட்டியின் முகம் கறுத்தது.

"மேடம், பவுடரு?" என்றாள் குணசுந்தரி.

சைரன் ஊதியது. ஊழிக்காலத்துச் சங்குபோல அது ஊதி ஓய்ந்த மௌனத்தில், தனக்கு வலித்த பிறகே பிறக்கும் ஞானம் கிறிஸ்டினாவுக்குப் பிறந்தது. பிரகடனம் செய்தார்:

"இன்னிக்கி யாருக்கும் லேட் கெடயாது! பழைய போட்டோவெல்லாம் அழிச்சிட்டு இப்பவே புதுசா எடுக்கறேன். எல்லாரும் வந்தது வந்த மாரியே மொகம் காட்டுங்க. யாரும் பவுடர் போடக் கூடாது, தலை வாரக் கூடாது, தொடைக்கக் கூடாது!"

"மேடம், நான் கொஞ்சம் மூஞ்ச கழுவிக்கினு…" என்று இழுத்தான் எபினேசர்.

"கூடாதுன்னேன்ல?"

வரிசையின் தலைமகன் அவனே. செம்புழுதி அடித்தளமாக, பவுடர் நடுச்சுவராக, கிரீஸ் கோபுரமாக எழுந்துநின்ற அத்திருமுகத்தை ஒற்றைக்கண் அரசு ஆற அமர உற்றுநோக்கி, உள்வாங்கி, முதன்முறையாகத் தாழ்ந்து பணிந்து, "தேங்க் யூ" என்றது. ஆலைச் சேனை ஆர்ப்பரித்தது. லீவு பிழைத்தது. வெள்ளிக்கிழமை திருவள்ளூரில், குளித்து, வெள்ளைச் சட்டை உடுத்து, வெற்றிவாகை சூடிய வேந்தனென வீற்றிருந்து, மகளின் அட்மிஷன் தாளில் கையெழுத்திட்டான் எபினேசர்.

சனிக்கிழமை அவன் முகம் கழுவாமல் வேலைக்கு வந்தான்.